"ராத்திரியே தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்குமா?" மீட்டு வளர்த்த கினி பிக்கை இழந்தவருக்கு

மூன்று வாரமாக அழுகை நிற்கவில்லை, ஒரு கினி பிக்குக்காக இப்படி அழுவது சரிதானா, இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தால் கேட்க வந்தது வேறு என்று தோன்றுகிறது. என்னை நம்பி வந்த உயிரை நானே சாகவிட்டுவிட்டேனா என்பதுதான் அது. அழுகையைப் பற்றியும் அடுத்ததைப் பற்றியும் பிறகு பேசலாம். இதற்குப் பதில் கிடைக்காத வரை வேறு எந்த ஆறுதலும் உங்கள் காதில் ஏறாது.

நான் கால்நடை மருத்துவர். நாய், பூனையோடு முயல், கினி பிக், ஹாம்ஸ்டர் போன்ற சிறு பிராணிகளையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். மிளகு என்று நீங்கள் பெயர் வைத்து வளர்த்த கினி பிக்கை நான் பார்த்ததில்லை. அதனால் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உங்கள் கதையைச் சுருக்கிவிடுகிறேன். வீடு காலி செய்து போன ஒரு குடும்பம் மொட்டை மாடியில் கூண்டோடு விட்டுப் போன பெண் கினி பிக் மிளகு. நீங்கள் எடுத்து வந்தபோது முடி கொட்டி, மூட்டு வீங்கி, பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தாள். டாக்டர் விட்டமின் சி கொடுக்கச் சொன்னார், தேறினாள். துணைக்குப் புட்டு என்று இன்னொன்றை வாங்கினீர்கள். அது நடந்து எட்டு மாதம் கழித்து ஒரு நாள் மாலை மிளகு சாப்பிடவில்லை. காலையில் பார்க்கலாம் என்று படுத்தீர்கள். விடிகாலையில் கால் சில்லிட்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உங்கள் மடியிலேயே உயிர் போய்விட்டது.

உறுதியாகத் தெரிந்ததில் இருந்து தொடங்குகிறேன். கினி பிக் தன் நோயை மறைக்கும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கத்தில், நரிக்கும் ஆந்தைக்கும் கழுகுக்கும் இரையாக வாழ்ந்த பரம்பரை அது. தளர்ந்து தெரிகிற ஒன்றைத்தான் எதிரி முதலில் பிடிக்கும். ஆயிரக்கணக்கான வருடம் மனிதரோடு வாழ்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. உள்ளுக்குள் நிமோனியா பாதி நுரையீரலைப் பிடித்திருக்கும், வெளியே வந்து கொத்தமல்லியை வாங்கித் தின்னும். "நேற்று மத்தியானம் வரைக்கும் நன்றாக இருந்தது டாக்டர்" என்ற வாக்கியத்தை என் கிளினிக்கில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சொல்கிறவர்கள் கவனக்குறைவானவர்கள் இல்லை. தினமும் கையில் எடுத்துக் கொஞ்சுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். ஆகவே, மாலையில் அவள் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்தீர்களே, அது தாமதமாகக் கவனித்தது இல்லை. பெரும்பாலும் வெளியே தெரிகிற முதல் அடையாளமே அதுதான். அதற்குள் நோய் வெகுதூரம் போயிருக்கும்.

அடுத்ததைச் சொல்வது கஷ்டம், ஆனாலும் மறைக்கப் போவதில்லை. கினி பிக் அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம். அதன் குடல் நிற்காமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் வாயு கட்டும், குடலில் உள்ள நல்ல கிருமிகள் சாகும், நிலைமை மணிக்கணக்கில் மோசமாகும். அதனால் பொதுவாகச் சொன்னால் சீக்கிரம் கொண்டு வருவது நல்லது. இது உங்களுக்கு இப்போது தெரியும். அன்று ராத்திரி தெரியாது. நாய், பூனை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் நானே "நாளைக்குப் பார்க்கலாம்" என்றுதான் போனில் சொல்வேன். நம் எல்லோருக்கும் பழகிய அளவுகோல் அதுதான், நீங்களும் அதை வைத்துத்தான் முடிவு எடுத்தீர்கள்.

சரி, போயிருந்தால்? இங்கேதான் ஊகம் தொடங்குகிறது. ராத்திரி பத்து மணிக்கு கினி பிக்கைப் பார்த்துப் பழகிய மருத்துவர் கிடைப்பது நம் ஊர்களில் பெரிய நகரத்தில்கூட அரிது. கிடைத்திருந்தாலும், ஒரு கிலோ எடைகூட இல்லாத உடம்பில் ரத்தம் எடுப்பது, நரம்பு பிடித்து மருந்து ஏற்றுவது எல்லாமே கடினம். கூடையில் வைத்துத் தெரியாத இடத்துக்குக் கொண்டுபோகும் பதற்றத்திலேயே சில உயிர் விட்டுவிடும். காலையில் கால் சில்லிட்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்த ஓட்டம் அதற்கு முன்பே சரியத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். இவ்வளவு வேகமாகப் போன ஒரு நோய் ராத்திரி வைத்தியத்துக்குக் கட்டுப்பட்டிருக்குமா? எனக்கு நம்பிக்கை குறைவு. அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் என் அனுபவம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டால் இந்தப் பக்கம்தான்.

கடைசி நேரத்தில் மிகவும் வலித்திருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கினி பிக் மூக்கால் மூச்சு விடும் பிராணி. வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டால் உடல் கைவிட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வாய் திறந்து மூடுவதும், கழுத்து பின்னால் வளைவதும், கால் உதைத்துக்கொள்வதும் மூளைத்தண்டு தானாகச் செய்யும் அசைவுகள். பார்க்கிறவருக்கு அது பெரிய போராட்டம் போலத் தெரியும், அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகாது. ஆனால் மூளைக்கு ஆக்சிஜன் அவ்வளவு குறைந்த நிலையில் வலியை உணரும் சுயநினைவு பெரும்பாலும் முன்பே அடங்கியிருக்கும். நீங்கள் பார்த்தது அவள் பட்ட வேதனையின் அளவு இல்லை.

இன்னொரு வரி எழுதியிருந்தீர்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த அமாக்சிசிலின் சிரப்பையாவது கொடுத்திருக்கலாமே என்று. இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. கொடுக்காமல் இருந்தது மிக நல்லது. பெனிசிலின் வகை மருந்துகளை வாய் வழியாகக் கொடுத்தால் கினி பிக்கின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கெட்ட கிருமிகள் பெருகி, அவை விடும் விஷத்தால் சில நாளில் சாகும். கிளிண்டாமைசினும் அப்படித்தான். நமக்கும் நாய்க்கும் பாதுகாப்பான மருந்து இதற்கு எமன். இதைப் படிக்கிற யாராவது வீட்டில் கினி பிக் வைத்திருந்தால் இந்த ஒரு விஷயத்தையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புட்டுவை வாங்கி வந்ததால்தான் நோய் ஒட்டியதா என்ற சந்தேகமும் உங்களை அரிக்கிறது. சில கிருமிகள் வெளியே தெரியாமல் ஒரு பிராணியின் மூக்கில் குடியிருந்து இன்னொன்றுக்குப் பரவும் என்பது உண்மை. ஆனால் எட்டு மாதம் ஒரே கூண்டில் இரண்டும் நன்றாக இருந்த பிறகு, வந்த புதியவள் மேல் பழி போட எந்த ஆதாரமும் இல்லை. தனியாக வைத்திருந்தால் இன்னும் தப்பாகப் போயிருக்கும். கினி பிக் கூட்டமாக வாழ்கிற ஜீவன். சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விலங்கு நலச் சட்டத்தின்படி அதைத் தனியாக வளர்க்கவே கூடாது. மிளகுக்குத் துணை தேடியது நீங்கள் அவளுக்குச் செய்த பெரிய நல்ல காரியங்களில் ஒன்று.

மீட்டு வளர்த்தவர்களின் துக்கத்தில் ஒரு தனி முள் இருக்கிறது. கடையில் குட்டியாக வாங்கி வளர்த்தவர் "என் பிள்ளை போய்விட்டது" என்று அழுவார். மீட்டவர் அதோடு "காப்பாற்றியும் காப்பாற்றவில்லையே" என்றும் அழுவார். ஒரு தடவை சாவிடமிருந்து பிடுங்கி வந்ததால், அதற்குப் பிறகு நடப்பது எல்லாமே தன் பொறுப்பு என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவளுக்கு ஒன்றரை வயதுதான் ஆகியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து நீங்கள் வைத்த குத்துமதிப்பு. வளர்ந்த கினி பிக்கின் வயதைப் பார்த்துச் சொல்ல நம்பகமான வழி இல்லை. நன்றாக வளர்க்கப்பட்டால் அவை ஐந்து முதல் எட்டு வருடம் வரை வாழும். கூண்டோடு கைவிடப்பட்டபோது மிளகுக்கு மூன்று வயதா, ஐந்தா என்று அந்தக் குடும்பத்தைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவள் வந்த நிலையைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு மிகவும் பழக்கமான படம். மூட்டு வீக்கம், பின்னங்கால் தளர்ச்சி, முடி கொட்டுவது, இவை விட்டமின் சி குறைவதால் வரும் ஸ்கர்வி என்ற நோயின் அடையாளங்கள். நம்மைப் போலவே கினி பிக்கின் உடலுக்கும் விட்டமின் சி-யைத் தானே தயாரிக்கத் தெரியாது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வெறும் தானியத்தை மட்டும் தின்ற கினி பிக்குகளுக்கு மாலுமிகளுக்கு வருவது போன்ற ஸ்கர்வி வந்ததைக் காட்டினார்கள். அந்த நோயைப் புரிந்துகொள்ள மனித குலத்துக்குக் கதவு திறந்ததே அங்கேதான். அப்படியிருந்தும் இன்றைக்கும் நம் ஊர்க் கடைகளில் "முயல் தீனி போடுங்க, கேரட் போடுங்க, போதும்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். முயலின் உடல் விட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ளும் என்பதால் அதன் தீனியில் அதைச் சேர்க்க மாட்டார்கள். அதை மட்டும் தின்கிற கினி பிக் இரண்டு மூன்று வாரத்திலேயே ஸ்கர்வியில் விழலாம். இந்த ஒரு தகவல் போய்ச் சேராததால் சாகிற உயிர்களை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

நீங்கள் தினமும் குடைமிளகாயும் கொத்தமல்லியும் நெல்லிக்காய்த் துண்டும் கொடுத்து அவளை நடக்க வைத்தீர்கள். ஆனால் நீண்ட நாள் குறைபாடு விட்டுப் போகும் சேதம் முழுக்கச் சரியாகாது. பல்லைப் பிடித்து வைத்திருக்கும் திசு, ரத்தக் குழாய்கள், நோய் எதிர்ப்பு எல்லாம் அடிபட்டிருக்கும். அதோடு மொட்டை மாடி வெயில் வேறு. முப்பது டிகிரியைத் தாண்டினாலே திணறும் பிராணி அது. உள்ளே என்ன மிச்சமிருந்தது என்று பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும், இப்போது அதற்கு வழியில்லை. (மற்றவர்களுக்காக: காரணம் தெரிய வேண்டும் என்றால் உடலை உறைய வைக்காமல் குளிர்ச்சியாக வைத்து, கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று பல ஊர்களில் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு நாளுக்குள் கொண்டுபோக வேண்டும்.) காரணம் தெரியாத நிலையில் மனம் காலியிடத்தை நிரப்பத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும். உங்களுக்கு நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது அழுகைக்கு வருவோம். கொழுந்தன் சிரித்தார், மாமியார் "ஒரு எலிக்கா இத்தனை?" என்றார், ஆபீஸில் சொல்லவே கூச்சமாக இருந்தது என்றீர்கள். இப்படிச் சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் இருந்து எழுதி வருகிறார். கருச்சிதைவு, விவாகரத்தான முன்னாள் துணையின் மரணம், வளர்ப்புப் பிராணியின் மரணம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இழப்பு ஒரு பாரம், அதை ஒளித்து வைக்க வேண்டியிருப்பது இரண்டாவது பாரம். மாமியாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் பார்த்த வாழ்க்கையில் மாடு செத்தால் வீடே அழுதிருக்கும், கூண்டில் இருக்கும் சிறு பிராணிக்கு அந்த இடம் இருந்ததில்லை.

ஆனால் பிராணிக்காகத் துக்கப்படுவது ஏதோ புதுப் பழக்கம், வெளிநாட்டுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்ளரோடு மோதி இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி, இரண்டு கள்ளரைக் கடித்து அது காவல் காத்ததைச் சொல்லியிருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையில் இறந்த ஒரு சேவலுக்கே நடுகல் உண்டு. மதுரைச் சீமையில் கோயில் காளை இறந்தால் இன்றும் ஊர் கூடி, மாலை போட்டு, வேட்டி சாத்தி, மேளத்தோடு அடக்கம் செய்கிறார்கள். அவை எல்லாம் வீரம் காட்டியவை, மிளகு யாரையும் கடித்துக் காப்பாற்றவில்லை என்று நீங்கள் சொல்லலாம். குளிர்சாதனப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டாலே "வீக் வீக்" என்று அவள் கூப்பிட்டதும், ஆபீஸில் இருந்து வந்ததும் உங்களுக்கு அந்த நாளின் களைப்பு போனதும் போதாதா? ஒரு வீட்டின் தினசரியில் இடம் பிடித்த உயிர் போனால் அந்த நேரம் வரும்போதெல்லாம் வலிக்கும். உடம்பு எவ்வளவு சிறியது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எத்தனை நாளில் சரியாகும் என்பதற்குக் கணக்கு கிடையாது. துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை வைத்து உங்களை அளக்காதீர்கள். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அதை முன்வைத்தது தன் சாவை எதிர்கொண்டிருந்த நோயாளிகளோடு பேசித்தான். உறவை இழந்தவர்கள் வரிசையாக ஏறி இறங்க வேண்டிய படிகள் அவை அல்ல. மூன்று வாரத்தில் அழுகை நிற்காதது அசாதாரணம் இல்லை. மனநலம் என் துறை அல்ல என்பதால் அதில் ஒரு எல்லைக்கு மேல் போக மாட்டேன். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல் போனால், சாப்பாடு இறங்காவிட்டால், வேலையும் குழந்தையும் கையை விட்டுப் போவதாகத் தோன்றினால், வாழ வேண்டுமா என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தால்கூட, உடனே ஆலோசகரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. காரணம் ஒரு கினி பிக் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் "மிளகு எப்போ வருவா?" என்று கேட்கிறாள், அப்பா "தோட்டத்துக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறார் என்றீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். அந்த வயதுக் குழந்தைக்கு சாவு என்றால் திரும்பி வராதது என்பது புரியும், புரியாவிட்டாலும் சொன்னால் புரிந்துகொள்வாள். தூங்குகிறாள் என்று சொன்னால் தூக்கத்துக்கே பயப்படுகிற குழந்தைகள் உண்டு. "மிளகு உடம்பு சரியில்லாமல் செத்துப்போய்விட்டாள், உன்னாலயும் இல்லை என்னாலயும் இல்லை" என்று சொல்லி, புதைத்த இடத்தைக் காட்டி, அவளையே ஒரு பூ வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அழுவதை அவள் பார்த்தால் ஒன்றும் தப்பில்லை.

எனக்கு இப்போது அதிகக் கவலை புட்டுவைப் பற்றித்தான். மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறாள், முன்பு போலச் சாப்பிடவில்லை, துக்கமாக இருக்கும் போல என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். ஜோடி போன பிறகு மிஞ்சியது மந்தமாவதை நானும் பார்த்திருக்கிறேன். அதை நம்மைப் போன்ற துக்கம் என்று சொல்லலாமா என்பது தீராத கேள்வி. ஆனால் அதே அடையாளங்களை அதே நோயும் காட்டும். மிளகுக்கு வந்தது தொற்றாக இருந்தால் இவளுக்கும் இருக்கலாம். துக்கம் என்று முடிவு கட்டும் முன் நாளைக்கே மருத்துவரிடம் காட்டி மூச்சையும் பல்லையும் வயிற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சமையலறைத் தராசில் தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். சாப்பிடுகிற மாதிரி பாசாங்கு செய்யலாம், தராசை ஏமாற்ற முடியாது. ஐம்பது கிராம் குறைந்தாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது ஆபத்து. காய்ந்த புல்லும் கழுவிய பசும் அருகம்புல்லும் எந்நேரமும் எதிரில் இருக்கட்டும். தானாகச் சாப்பிடவே இல்லை என்றால் ஊறவைத்துக் குழைத்த தீனியை ஊசியில்லாத சிரிஞ்சில் எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஆக, இன்னொன்று வாங்கலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் புட்டுவிடம் இருக்கிறது. அவளால் நெடுநாள் தனியாக இருக்க முடியாது. மிளகின் இடத்தில் வேறொன்றை வைக்க மனம் வரவில்லை என்றால், வரவில்லை என்றே இருக்கட்டும். புட்டுவுக்கு ஒரு துணை என்று மட்டும் யோசியுங்கள். கடைக்குப் போவதற்கு முன், வளர்க்க முடியாமல் கொடுக்கத் தேடுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று உங்கள் மருத்துவரிடமும் உங்கள் ஊர்ப் பிராணி நல ஆட்களிடமும் கேட்டுப் பாருங்கள். பெண்ணோடு பெண்ணே இருக்கட்டும். ஆணா பெண்ணா என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வைப்பதால் வாங்கும்போதே சினையாக இருப்பது சாதாரணம். புதியவளை இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்து, தினமும் முதலில் புட்டுவையும் பிறகு அவளையும் கவனியுங்கள், அங்கே போய் வந்ததும் கை கழுவுங்கள். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத ஒரு இடத்தில், நடுவில் நிறையப் புல்லைக் குவித்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சேர்த்து விடுங்கள். கொஞ்சம் பல்லைக் கடிப்பார்கள், துரத்துவார்கள், அது வழக்கம்தான். ரத்தம் வந்தால் மட்டும் பிரியுங்கள். மருத்துவர் புட்டுவைப் பார்த்து என்ன சொன்னார், எடை எவ்வளவு என்று எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.